சட்டையைத் தைத்தவர் யார்? கட்டிளமைப் பருவப் புனைகதையில் ஆடையும் காதலும் பொறாமையும்

கட்டிளமைப் பருவத்தினருக்கென ஆங்கிலத்தில் எழுதப்படும் நாவல்கள் இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையாகின்றன. அவை திரைப்படங்களாகின்றன, தொலைக்காட்சித் தொடர்களாகின்றன, இலங்கையின் நகர்ப்புறப் பாடசாலை மாணவியரின் புத்தகப் பைகளையும் வந்தடைந்துள்ளன. ஆயினும் திறனாய்வாளர் அவற்றைத் தம் கவனத்துக்கு உரியனவாகக் கொள்வதில்லை. 'வெறும் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடுவோர் ஒரு சாரார். 'எதையாவது வாசிக்கிறார்களே, அதுவே போதும்' என்று மனநிறைவு கொள்வோர் மற்றொரு சாரார். தம்முள் மாறுபடும் இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒன்றுபடுகின்றனர். இக்கதைகளில் பக்கந்தோறும் வரும் சட்டையும் சப்பாத்தும் மேற்சட்டையும் ஆராய்வதற்கு உரியன அல்ல என்பதே அவ்வொற்றுமை.

இக்கருத்து முற்றிலும் தவறானது. கட்டிளமைப் பருவத்துப் பாத்திரங்கள் தம் உள்ளக் கிடக்கையைச் சொல்லத் தெரியாதவர்கள். சொல்லத் தெரிந்தாலும் துணிவில்லாதவர்கள். ஆதலின் அவர்கள் பொருட்டு ஆடை பேசுகிறது. நேசிக்கப்படுபவர் யார், ஒதுக்கப்பட்டவர் யார், ஒருத்தியின் இடத்தை எவள் கைப்பற்றினாள் என்பனவற்றை வாசகர் உரையாடலினின்றும் அறிவதிலும் உடையினின்றும் அறிவதே அதிகம். இந்த உத்தி புதியதுமன்று. ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் ஒரு கைக்குட்டை காதற் பரிசாகத் தொடங்கிக் கொலைக்குச் சான்றாக முடிகிறது. அந்நாடகத்திலே பலரும் மறந்துவிடும் சிறு நிகழ்ச்சி ஒன்றுண்டு. கைக்குட்டையிலுள்ள பூவேலையைப் பார்த்து அவ்வாறே வேறொன்று செய்து தருமாறு காசியோ பியங்காவிடம் கேட்கிறான். அவளோ அது வேறொருத்தியின் பரிசென ஐயுற்றுச் சினக்கிறாள். தைத்துக் கொடுக்குமாறு கேட்கப்பட்டவளே பொறாமையால் வெதும்பும் அவ்விடம், இக்கட்டுரை எழுப்பும் வினாவை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது.

அவ்வினா இதுதான்: ஒரு கதையில் ஆடை காதலுக்கோ பொறாமைக்கோ குறியீடாக நிற்கும்போது, அதனைச் செய்தவர் யார், விலை கொடுத்தவர் யார் என்பதை அக்கதை காட்டுகிறதா, மறைக்கிறதா? காட்டும் கதைகளில் ஆடை அன்பைத் தாங்கி நிற்கிறது. அங்கு பொறாமை எழுந்தாலும் அது விளங்கிக்கொள்ளத்தக்க மனிதத் துன்பமாகவே எழுகிறது. மறைக்கும் கதைகளில் பொறாமை மட்டுமே எஞ்சுகிறது. அப்பொறாமைக்கே காதல் என்று பெயரும் சூட்டப்படுகிறது. பெண் பிள்ளைகளின் இயல்பே பொறாமை என்று கூறித் தப்பித்துக்கொள்ளும் திறனாய்வு இந்த வேறுபாட்டைக் காணத் தவறிவிட்டது.

1. தழையும் உப்பிய கைகளும்

தமிழ் பயில்வோருக்கு இக்குறியீடு அந்நியமானதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவன் தரும் கையுறைகளுள் தழையாடை முதன்மையானது. தழையைக் கொய்தவன் அவன்; அது தழைத்த மலைச்சாரல் அவனது. அதனை ஏற்றல் அவன் காதலை ஏற்றலாகும். உடுத்தினால் தாய் வினவுவாள், மறுத்தால் அவன் வருந்துவான் என்னும் இக்கட்டு அங்கு நுட்பமாகப் பேசப்படுகிறது. அவ்விடத்து எழும் அச்சம் தாயைப் பற்றியது. அயலாளின் தழை தன் தழையினும் உயர்ந்ததோ என்னும் ஒப்பீடு அன்று. சங்க காலத்தைப் பொற்காலமாக்குவது இங்கு நோக்கமாகாது. மருதத்திணையில் பொறாமைக்குப் பஞ்சமில்லை. கொடுத்தவனின் கையும் அவனது நிலமும் ஆடையிலேயே தெரிகின்றன என்பது மட்டுமே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவைக் களமாகக் கொண்டு எல். எம். மொன்ற்கொமெரி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஆன் ஒவ் கிறீன் கேபிள்ஸ்' என்னும் நாவலில் இதே பண்பு வேறொரு வடிவில் வெளிப்படுகிறது. அநாதைச் சிறுமியாகிய ஆன், தோள்களில் உப்பிய கைகள் கொண்ட சட்டை ஒன்றுக்காக ஏங்குகிறாள். அவளை வளர்க்கும் மரில்லா அதனை வீண் ஆடம்பரமெனக் கருதி, பயன்பாடு ஒன்றையே நோக்கிய எளிய சட்டைகளைத் தைத்துக் கொடுக்கிறாள். மரில்லாவின் சகோதரனான முதியவர் மத்தியூ, அதிகம் பேசாதவர். பெண்களைக் கண்டாலே கூச்சமடைபவர். ஒருநாள் ஆன் தன் தோழியருடன் நிற்கும்போது ஏதோ ஒரு வகையில் அவள் வேறுபட்டிருப்பதை உணர்கிறார். நெடுநேரம் சிந்தித்த பின்னரே அவ்வேறுபாடு உடையில் உள்ளதென அவருக்குப் புலப்படுகிறது. சட்டைத்துணி வாங்கக் கடைக்குச் சென்றவர், அங்கு விற்பனைக்கு நின்ற பெண்ணைக் கண்டு நாவெழாமல், குளிர்காலத்தில் தோட்டவாரி ஒன்றையும் இருபது இறாத்தல் சீனியையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். இறுதியில் அயல்வீட்டு லிண்ட் அம்மையாரிடம் பொறுப்பை ஒப்படைக்க, அவர் தைத்த சட்டை நத்தார்க் காலையில் ஆனின் கைக்கு வருகிறது.

வாசகரை இக்காட்சி நெகிழ்விப்பதற்குக் காரணம் உப்பிய கைகளின் அழகன்று. கவனித்தவர் யார், கூசியவர் யார், தைத்தவர் யார் என்பவை யாவும் கதையில் வெளிப்படையாக உள்ளன. முதியவர் ஒருவர் சொல்ல இயலாத அன்பு, அச்சட்டையின் வழியே வெளிப்படுகிறது. உப்பிய கைகளும் அக்காலத்து நாகரிகந்தானே, பிறரைப் போல் இருக்கவேண்டும் என்னும் ஆவலின் விளைவுதானே எனச் சிலர் வினவலாம். உண்மையே. லிண்ட் அம்மையாரின் உழைப்புக்குக் கூலி இல்லை என்பதும் உண்மையே. குடும்பத்துக்கும் அயலுக்கும் பெண்கள் செய்யும் கூலியற்ற வேலையின் மீதே இவ்வன்பும் கட்டப்பட்டுள்ளது. ஆயின் நாவல் அவ்வுழைப்பை மறைக்கவில்லை. மறைக்காதவிடத்து விமரிசனத்துக்கு இடமுண்டு. மறைத்தவிடத்து வழிபாட்டுக்கு மட்டுமே இடமுண்டு.

2. ஐம்பது டொலர்ப் பட்டு

1867ஆம் ஆண்டு கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதலாம் பாகத்தை வெளியிட்டார். பண்டத்தின் பெறுமதியை விளக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற உதாரணம் இருபது யார் லினன் துணியும் ஒரு மேலங்கியுமாகும். இரண்டாண்டுகளின் பின்னர், 1869இல், ஐக்கிய அமெரிக்காவில் லூயிசா மே அல்கொட் தமது 'லிட்டில் விமென்' நாவலின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். பதிப்பாளரின் வேண்டுகோளுக்கிணங்கச் சிறுமியர்க்கென எழுதப்பட்ட நூல் அது. மார்க்ஸின் ஆராய்ச்சியை அல்கொட் அறிந்திருந்தார் என்று கொள்வதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. எனினும் அந்நாவலில் இருபத்தைந்து யார் பட்டும் ஒரு மேலங்கியும் எதிரெதிரே வைக்கப்படுகின்றன.

நாவலின் முதற் பாகத்திலேயே, செல்வர் வீட்டு விருந்தொன்றில் இரவற் பட்டுச்சட்டை அணிந்து பொம்மைபோல் அலங்கரிக்கப்பட்டு நாணியவள் மெக். இரண்டாம் பாகத்தில் அவள் ஜோன் புறூக் என்னும் வறிய இளைஞனை மணந்து சிறு வீடொன்றில் வாழ்கிறாள். செல்வந்தத் தோழி சாலி பட்டு வாங்குவதைக் கண்டு பொறாமையுற்று, ஊதாநிறப் பட்டுத்துணியை ஐம்பது டொலருக்கு வாங்கிவிடுகிறாள். கணக்குப் புத்தகத்தைக் கணவனிடம் காட்டும் இரவில், வறுமையில் தனக்குச் சலித்துவிட்டது என்ற சொல் அவள் வாயினின்றும் தவறி விழுகிறது. ஜோன் சினந்து பேசவில்லை; தனக்கென ஏற்பாடு செய்திருந்த குளிர்கால மேலங்கியை மௌனமாக நிறுத்திவிடுகிறான். அதனை அறிந்த மெக், தன் செருக்கை விழுங்கிக்கொண்டு சாலியிடம் சென்று, உண்மையைக் கூறிப் பட்டை அவளுக்கே விற்று, அப்பணத்தால் கணவனின் மேலங்கியை வீட்டுக்கு வருவிக்கிறாள்.

பொறாமை பற்றிய நேர்மையான சித்திரிப்பு இவ்வாறே அமைய முடியும். மெக்கின் பொறாமை பெண்மையின் குறைபாடாக வானத்தினின்றும் இறங்கவில்லை. இரு தோழியரின் வருமான வேறுபாட்டினின்றும் அது பிறக்கிறது. அதற்கு ஐம்பது டொலர் என்னும் திட்டவட்டமான அளவும் உண்டு. அவளது காதலும் அதே அளவுகோலாலேயே காட்டப்படுகிறது: பட்டு மேலங்கியாக மாறும்போது பொறாமை அன்பாக மாறுகிறது. நாவலாசிரியை இல்லறத்தின் பொறுமையைப் போதிக்கிறார், வர்க்க ஏற்றத்தாழ்வை மாற்ற வழி கூறவில்லை என்ற குறையைக் கூறலாம், கூறவும் வேண்டும். எனினும் கணக்குப் புத்தகத்தை வாசகியின் முன் விரித்து வைத்தமை சிறிய காரியமன்று.

ஜே. கே. றோலிங்கின் ஹரி பொட்டர் நாவல்களிலும் இந்நேர்மையின் எச்சத்தைக் காணலாம். 1997இல் வெளிவந்த முதல் நாவலில் வீஸ்லி அம்மையார் தம் மக்களுக்குப் பின்னும் கம்பளிச் சட்டைகளுடன், தாயற்ற ஹரிக்கும் பச்சைநிறச் சட்டை ஒன்றைப் பின்னி அனுப்புகிறார். மகன் ரொன்னுக்கு எப்பொழுதும் கிடைப்பது கருஞ்சிவப்பு. அது அவனுக்குப் பிடிக்காத நிறம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த நான்காம் நாவலில், நடன விழாவுக்கென அதே ரொன்னுக்குப் பழைய துணிக்கடையில் வாங்கிய, சரிகை வைத்த உடை ஒன்று கிடைக்கிறது. அதுவும் கருஞ்சிவப்பே. சரிகையை மந்திரத்தால் வெட்டியெடுத்து, பிய்ந்த விளிம்புகளுடன் அவன் விழாவுக்குச் செல்கிறான். அங்கு நீலநிற உடையில் ஹெர்மாயினி புகழ்பெற்ற விளையாட்டு வீரன் ஒருவனின் கரம்பற்றி வருவதைக் கண்டு வெகுண்டெழுகிறான். அவனது சினத்தைக் காதலின் வெளிப்பாடாக மட்டும் வாசித்து மகிழ்வோர், அவன் கைகளில் தொங்கிய நூல்களை மறந்துவிடுகின்றனர். வறுமையின் நாணம் முதலில் வந்தது. பொறாமை அதன் பின்னரே வந்தது.

3. நாவலும் ஆடைப் பட்டியலும்

கட்டிளமைப் பருவத்தினர் தனியொரு நுகர்வோர் கூட்டமாக வகுக்கப்பட்டமை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. மொறீன் டேலியின் 'செவன்ரீன்த் சமர்' என்னும் நாவல் 1942இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளின் பின்னர், 1944இல், 'செவன்ரீன்' என்னும் சஞ்சிகை இளம் பெண்களுக்கெனத் தோன்றியது. அச்சஞ்சிகையினர் 'ரீனா' என்னும் கற்பனைச் சிறுமி ஒருத்தியைப் படைத்து, தம் வாசகி இத்தகையவள் என விளம்பரதாரருக்கு அறிமுகப்படுத்தினர். நாவலின் வாசகியும் ஆடை வணிகரின் வாடிக்கையாளரும் ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே உருவில் பிறந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுறவு இலைமறை காயாக இருந்த நிலை மாறி, இரண்டாயிரமாம் ஆண்டளவில் வெளிப்படையான உரிமையுறவாயிற்று. அலோய் என்னும் அமெரிக்க நிறுவனம் இளையோருக்கான ஆடைகளை அஞ்சல்வழிப் பட்டியல்கள் மூலமும் இணையத்தின் மூலமும் விற்று வந்தது. 2000ஆம் ஆண்டில் அது, கட்டிளமைப் பருவ நாவல்களைத் திட்டமிட்டு உருவாக்கிப் பதிப்பகங்களுக்கு வழங்கும் 'செவன்ரீன்த் ஸ்ரீற் புறொடக்சன்ஸ்' என்னும் அமைப்பை விலைக்கு வாங்கியது. 2002இல் தொடங்கிய, செசிலி வொன் சீகசரின் 'கொசிப் கேர்ள்' நாவல் வரிசை இவ்வமைப்பினின்றே வெளிவந்தது. சட்டை விற்பவரும் சட்டை பற்றிக் கதை செய்விப்பவரும் ஒருவராயினர்.

பணம் பெற்றே அந்நாவல்களில் வணிகப் பெயர்கள் எழுதப்பட்டன என்று இதனால் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. அத்தகைய ஏற்பாட்டின் தேவையே இல்லை என்பதுதான் கவலைக்குரியது. 'கொசிப் கேர்ள்' நாவலில் நியூயோர்க்கின் செல்வந்த மாணவியரான பிளேயரும் செரீனாவும் அணியும் ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் பெயருடன் வருகிறது. அப்பெயர் பாத்திரத்தின் பண்பு கூறுவதற்குப் பதிலாக அவளது நிலையைக் கூறுகிறது. வாசகி தன் நிலையை அதனோடு ஒப்பிடுமாறும் தூண்டுகிறது. கதைமாந்தரின் பொறாமை வாசகியின் பொறாமையாக மாறும் பொறிமுறை இதுவே.

அந்நாவலில் வரும் ஒரு பொருள் சிறப்பாக நோக்கத்தக்கது. பிளேயர் தன் காதலன் நேற்றுக்குக் கஷ்மீர்க் கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கிக் கொடுக்கிறாள். அதன் கையின் உட்புறத்தில், அவன் அறியாதவாறு, சிறிய பொன் இதயம் ஒன்றைத் தைத்துவிடுகிறாள். உள்ளத்தை மறைக்காதவனை இதயத்தைச் சட்டைக் கையில் அணிந்தவன் என்று ஆங்கிலேயர் கூறுவர். அம்மரபுத்தொடரைப் பயன்படுத்திய உத்தி இது. சங்கத் தலைவியும் ஆனும் தாம் எதனைப் பெறுகின்றனர் என்பதை அறிந்து பெற்றவர்கள். நேற்று அறியாது சுமக்கிறான். ஊசியும் நூலும் இங்கும் உள்ளன. ஆயின் தைப்பவளின் உழைப்பு அன்பளிப்பாக அமையாமல் உடைமை முத்திரையாகிவிடுகிறது. கால்நடைக்குக் குறிசுடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பொன்னின் விலை மட்டுமே. இதனை இனிய காதற் சின்னமாக இளம் வாசகியர் மனத்திற் பதிப்பது, ஐயுறவையும் கண்காணிப்பையும் அன்பென்று கற்பிப்பதாகும்.

வணிகம் இதனோடு நிற்கவுமில்லை. 2006இல் வெளிவந்த 'கதீஸ் புக்' என்னும் நாவல், ஒப்பனைப் பொருள் உற்பத்தியாளர் ஒருவரின் பொருட்களைக் கதையிற் குறிப்பிட்டு, பதிலுக்கு அவர்களின் இணையத்தளத்தில் விளம்பரம் பெற்றது. எதிர்ப்பு எழுந்தது, 2008இல் வந்த மலிவுப் பதிப்பில் அப்பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர்களை நீக்கிய பின்னரும் கதை குறைவின்றி நின்றது. அவை கதையின் தேவைக்காக அங்கு இருந்தனவல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. நால்வர் அணியும் ஒரு காற்சட்டை

சந்தைக்காகச் செய்யப்படும் இலக்கியம் யாவும் ஒரே தன்மையது என்று கூறிவிடுவது வரட்டுவாதமாகும். மேற்குறித்த அதே அமைப்பினின்றும் 2001இல் ஆன் பிரஷார்ஸின் 'த சிஸ்ரர்குட் ஒவ் த ட்ரவலிங் பான்ற்ஸ்' என்னும் நாவலும் வெளிவந்தது. பழைய துணிக்கடையில் சில டொலருக்கு வாங்கிய ஒரு ஜீன்ஸ், உடலமைப்பில் வேறுபட்ட நான்கு தோழியருக்கும் பொருந்துகிறது. ஒரு கோடை விடுமுறையில் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து செல்லும் அவர்கள் அதனை அஞ்சலில் மாறிமாறி அனுப்பி அணிகின்றனர். அதற்கென விதிகளும் வகுக்கின்றனர். கழுவக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அணிந்தவரின் அனுபவம் துணியில் தங்கவேண்டும் என்பதே அதன் உட்கிடை. புதியதன்று, விலையுயர்ந்ததன்று, ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. ஆடைச் சந்தை எவற்றைப் போற்றுகிறதோ அவற்றின் மறுதலை இக்காற்சட்டை.

அதே நாவலில் இதற்கெதிராக மற்றோர் ஆடை வைக்கப்பட்டுள்ளது. தந்தையுடன் கோடையைக் கழிக்கச் சென்ற கார்மென், அவர் வேறொரு குடும்பத்துடன் வாழ்வதையும் விரைவில் மறுமணம் செய்யவிருப்பதையும் அறிகிறாள். புவேட்டோ றிக்கோத் தாய்க்குப் பிறந்த அவளது உடல், மணத்தோழியருக்கான சட்டைக்குப் பொருந்த மறுக்கிறது. தந்தையின் புதிய மனைவியின் மகளுக்கோ அது கச்சிதமாகப் பொருந்துகிறது. சட்டையை முற்றாக மாற்றித் தைக்கவேண்டும் எனத் தையற்காரி கூறும் சொல், அக்குடும்பத்தில் தனக்கு இடமில்லை என்னும் தீர்ப்பாக அவள் செவியில் விழுகிறது. அவள் வெளியேறுகிறாள்; பின்னர் சன்னலுக்குக் கல்லெறிகிறாள். தந்தையின் அன்புக்கான இப்பொறாமைக்கு நாவல் காரணம் காட்டுகிறது. பொருந்தாத உடலில் குற்றமில்லை. யாரோ ஒருத்தியின் அளவில் அனைவருக்குமான சட்டையை வெட்டியதிலேயே குற்றமுண்டு.

வணிக நிறுவனமொன்றின் உற்பத்தியிலும் இத்தகைய நாவல் தோன்றக்கூடும் என்பது எதனைக் காட்டுகிறது? பகிர்வுக்கான ஏக்கம் இளைஞரிடையே உண்மையாகவே உள்ளது; அதனையும் விற்றாலன்றிச் சந்தை நிலைக்காது. ஏக்கத்தை ஏற்றுக்கொள்வதும், அதனை விற்பவரை இனங்காண்பதும் திறனாய்வின் இரு கடமைகளாகும்.

5. எரியும் மணவாடை

ஆடையின் குறியீட்டு அரசியலை மிகத் தெளிவாக அம்பலப்படுத்திய கட்டிளமைப் பருவ நாவல் சுசான் கொலின்ஸின் 'த ஹங்கர் கேம்ஸ்' வரிசையாகும். 2008இல் வெளிவந்த முதல் நாவலில் கற்னிஸ், பீற்றா என்னும் இருவரும் தலைநகரத்தின் கொலை விளையாட்டுக்குக் கொண்டுவரப்படுகின்றனர். அவர்களிடையே காதல் எதுவும் மலருமுன்னரே ஒரேவிதமாகத் தீப்பற்றி எரியும் உடைகளை அணிவித்துக் கைகோத்து நிற்கச் செய்கின்றனர். பார்வையாளர் காதலைக் கண்டால் ஆதரவாளர் பணம் தருவர். பணம் வந்தால் உயிர் தப்பும். வெற்றியின் பின்னர் கற்னிஸுக்கு மெழுகுதிரிச் சுடர்போன்ற மஞ்சட் சட்டை அணிவிக்கப்படுகிறது. ஆட்சியாளரை மீறிய செயல் அறியாச் சிறுமியின் காதல் மயக்கமாகத் தோன்றவேண்டும் என்பதே அதன் நோக்கம். உள்ளத்தினின்றும் ஆடை பிறக்கும் என்ற வழமையான நம்பிக்கையை நாவல் தலைகீழாக்குகிறது. இங்கு ஆடை முதலில் வருகிறது. காதல் அதற்கேற்பத் தயாரிக்கப்படுகிறது.

2009இல் வெளிவந்த இரண்டாம் நாவலில் அவளது மணவாடைகளுக்குத் தலைநகர மக்கள் வாக்களிக்கின்றனர். மணம் நிகழாது மீண்டும் கொலைக்களம் செல்ல விதிக்கப்பட்ட நிலையில், அம்மணவாடையையே அணிந்து மேடையேறுமாறு ஆட்சித்தலைவர் கட்டளையிடுகிறார். உடையமைப்பாளர் சின்னா அதனுள் செய்த மறைவான ஏற்பாட்டால், அவள் சுழலும்போது வெண்பட்டு எரிந்து, கிளர்ச்சியின் சின்னமாகிய பறவையின் கோலம் வெளிப்படுகிறது. அதற்குக் கூலியாகச் சின்னா அவள் கண்முன்னரே அடித்து வீழ்த்தப்படுகிறார்.

இக்காட்சியைப் போற்றாதார் இல்லை. ஆயின் அதே நாவலின் மற்றொரு பகுதியைக் கவனித்தோர் சிலரே. துணி நெய்து தைக்கும் பொறுப்பு எட்டாம் மாவட்டத்துக்கு உரியது. கிளர்ச்சி அங்கேயே வெடிக்கிறது. அங்கிருந்து தப்பிவந்த ருவில் என்னும் ஆசிரியையும் பொனி என்னும் மாணவியும் காட்டில் கற்னிஸைச் சந்திக்கின்றனர். தம்மை ஒடுக்கும் காவற்படையினரின் சீருடைகளைத் தொழிற்சாலையில் செய்தவர்கள் அவர்களே. அங்கிருந்து கவர்ந்த சீருடைகளிலேயே தப்பியும் வந்துள்ளனர். கதாநாயகியின் சட்டையைப் பற்றி எண்ணற்ற பக்கங்கள் எழுதப்பட்ட கட்டிளமைப் பருவப் புனைகதையில், தைத்தவள் கதாநாயகியின் முன்வந்து நின்று பேசும் அரிய இடம் இது.

அந்நாவலுக்கு நேர்ந்த கதியும் படிப்பினைக்குரியது. 2013இல் அது திரைப்படமானபோது, படத்தின் உடையமைப்பாளர் உருவாக்கிய ஆடை வரிசை ஒன்று, கதையிலுள்ள கொடுங்கோல் தலைநகரத்தின் பெயரையே தாங்கி இணையத்தில் விற்பனைக்கு வந்தது. எந்த நகரத்தின் ஆடம்பரத்தை நாவல் கண்டித்ததோ அதன் பெயரே விற்பனைக் குறியாயிற்று. 

6. கட்டுநாயக்காவிலுள்ள எட்டாம் மாவட்டம்

இவையாவும் அமெரிக்காவின் கதைகள், இந்நாட்டவருக்கு இவற்றால் ஆவதென்ன என்று வினவுவோர் தம் நாட்டின் வரலாற்றை மறந்தோராவர். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டது. அடுத்துவந்த ஒரு தசாப்தத்துள் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சி வளர்ந்தது. ஐக்கிய அமெரிக்கா அதன் பெருஞ் சந்தைகளுள் ஒன்று. 2009இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. அமெரிக்க மாணவி தன் தோழிமீது பொறாமை கொள்ளும் மேற்சட்டை, கிராமத்தினின்றும் வந்து வாடகை அறையொன்றில் பலருடன் தங்கியிருக்கும் இலங்கை இளம்பெண் ஒருத்தியின் கைகளினூடே சென்றிருத்தல் முற்றிலும் சாத்தியமே. இருவருக்குமிடையே வயதில் சில ஆண்டுகளே வேறுபாடு.

அவ்விளம்பெண்ணுக்குச் சமூகம் சூட்டிய பெயர் யாது? தையல் இயந்திரத்தின் வணிகப் பெயரைக்கொண்டு 'ஜுக்கிப் பெட்டைகள்' என்று அவளையும் அவள் தோழியரையும் இழிவாக அழைத்தனர். நாவலின் கதாநாயகி வணிகக் குறியை அணிகிறாள். தொழிலாளியோ வணிகக் குறியாகவே அழைக்கப்படுகிறாள். மாதக் கூலியில் அவள் ஒரு புதிய சட்டையை வாங்கி உடுத்தினால், ஒழுக்கம் கெட்டவள் என்று தூற்றுவதற்கும் ஆட்கள் உள்ளனர். உப்பிய கைகளை வீண் ஆடம்பரமென மறுத்த மரில்லாவிடம் கண்டிப்புக்குப் பின்னால் அன்பிருந்தது. இவர்களிடம் அதுவுமில்லை. பெண்ணின் உடையாசையைக் கண்டிக்கும் ஒழுக்கவாதிகளும் அவ்வாசையைத் தூண்டும் வணிகரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் எனத் தோன்றலாம். தைத்தவளை மனிதராகக் காண மறுப்பதில் இருவரும் பங்காளிகளே.

எனினும் அப்பெண்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1984இல் தோன்றிய 'தாபிந்து' என்னும் சிங்கள இதழ், வர்த்தக வலயப் பெண் தொழிலாளரின் கவிதைகளையும் கதைகளையும் வெளியிட்டது. வியர்வைத் துளிகள் என்பது அப்பெயரின் பொருள். ஆடையைத் தைப்பவளே காதலைப் பற்றியும் எழுத முற்பட்டாள் என்பது, இந்நாட்டு இலக்கிய வரலாற்றில் ஒரு வரியேனும் பெறவேண்டிய செய்தியாகும். கட்டிளமைப் பருவத்து ஆங்கில நாவல்களைப் பெயர்த்தெழுதுவோரும் தழுவி எழுதுவோரும் 'தாபிந்து'வை அறியாதிருத்தல் தற்செயலானதன்று. எது இலக்கியம், எது இலக்கியமன்று என்னும் தீர்ப்பில் வர்க்கமும் மொழியும் தொழிற்படுகின்றன என்பதன் சான்று அது.

7. திறனாய்வின் கடமை

கலாநிதி க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலில், நாவலை அது தோன்றிய சமூகச் சூழலில் வைத்து நோக்கும் நெறியைத் தமிழ்த் திறனாய்வில் வலியுறுத்தினார். அந்நெறியைப் பின்பற்றுவதாகக் கூறுவோர் பெரிய நாவல்களுக்கு மட்டும் அதனை ஒதுக்கி வைத்தல் பொருந்தாது. ஒரு தலைமுறையின் காதலுணர்வும் பொறாமையுணர்வும் பதினான்கு, பதினைந்து வயதில் கையிலெடுக்கும் நூல்களினாலேயே பெரிதும் வடிவமைக்கப்படுகின்றன. பல்கலைக்கழகத்தை அடையும்போது அவ்வடிவம் இறுகிவிடுகிறது. பின்னர் எத்துணை உயர்ந்த காப்பியத்தைக் கற்பித்தாலும், காதல் என்றால் உடைமை, பொறாமை என்றால் காதலின் ஆழம் என்னும் பாடம் எளிதில் அழிவதில்லை.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. கட்டிளமைப் பருவப் புனைகதையைப் பாடத்திட்டத்துக்குப் புறம்பானதென ஒதுக்காது ஆராய்தல் வேண்டும். தமிழில் இளையோருக்கென எழுத முற்படுவோர், கதாநாயகியின் சட்டையை வருணிக்கும்போது அதன் கணக்குப் புத்தகத்தையும் விரிக்கத் துணிதல் வேண்டும். மாணவியரின் வாசிப்பைத் தடைசெய்வதாலோ ஏளனம் செய்வதாலோ பயனில்லை. சட்டையைக் கண்டு ஏங்கும் வாசகிக்கு அவ்வேக்கத்தின் வரலாற்றைக் கூறுதலே தகும். மத்தியூவின் கூச்சத்தையும், மெக்கின் ஐம்பது டொலரையும், ரொன்னின் பிய்ந்த விளிம்பையும், பொனியின் தொழிற்சாலையையும் ஒருங்கே வைத்துக் கற்கும் மாணவி, அடுத்த நாவலில் வரும் கஷ்மீர்ச் சட்டையைக் கண்டு மயங்கமாட்டாள். அதன் கையினுள்ளே தைத்திருப்பது யாது, தைத்த கை யாருடையது என்று வினவுவாள். அவ்வினாவை அவள் தானாகவே கண்டடையட்டும் என்று கல்விச் சமூகம் காத்திருத்தல் தகாது.